1350 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஊர்

வட கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது சொனோமா மாவட்டம். அதன் தலைநகர் சான்டா ரோசா. 2017 அக்டோபர் 8 இரவு பத்து மணிக்குச் சற்று முன், மலைக்கு அப்பால் கலிஸ்டோகா பக்கம் டப்ஸ் லேன் என்ற சாலையருகே தீப்பிடித்தது. வறண்ட காற்று அதை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. விடிவதற்குள் நகருக்குள் நுழைந்து, ஆறு தடங்கள் கொண்ட 101 நெடுஞ்சாலையைத் தாண்டி, காஃபி பார்க் என்ற குடியிருப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் தின்றது. 22 பேர் இறந்தார்கள். அழிந்த கட்டடங்கள் 5,600-க்கும் அதிகம்.

ஒரு பகுதியிலுள்ள கைப்பேசிகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் அலறவைக்கும் வசதி மாவட்ட நிர்வாகத்திடம் இருந்தது. ஆபத்தில் இல்லாதவர்களும் கிளம்பிவிட்டால் சாலைகள் அடைபடும் என்று அஞ்சி அதை அவர்கள் பயன்படுத்தவில்லை. முன்பே பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. சில பகுதிகளின் வீட்டுத் தொலைபேசிகளுக்கு அழைப்பு போனது. ஆனால் கைப்பேசிக் கோபுரங்களும் இணையக் கம்பிகளும் தீயில் விழுந்துகொண்டிருந்தன. நள்ளிரவில் காரில் ஏறியவர்களுக்கு எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொல்ல மிச்சமிருந்தது காரிலிருந்த வானொலிதான். அதில் பலர் திருப்பிய எண் 1350. கே.எஸ்.ஆர்.ஓ என்ற அந்தப் பேச்சு வானொலி நிலையம் 1937 முதல் அந்த ஊரில் மத்திய அலையில் ஒலிபரப்பி வருகிறது. வழக்கமான நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு, நாட்கணக்கில் தீயைப் பற்றி மட்டுமே அது பேசியது.

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தமிழ் நேயர்களுக்கு மத்திய அலையின் குணம் நன்றாகவே தெரியும். 1350 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 222 மீட்டர். பண்பலையில் அது மூன்று மீட்டர்தான். சிறிய அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவதால் மலை குறுக்கிட்டால் நிழல் விழும். நீண்ட அலை தரையை ஒட்டிப் பரவி மேடுபள்ளங்களைச் சுற்றி வளையும். அதைப் பிடிக்கும் கருவியும் எளியது. அலையின் உயரம் கூடிக் குறைவதிலேயே பேச்சு அடங்கியிருப்பதால் அதைப் பிரித்தெடுக்க ஒருசில பாகங்கள் போதும். சின்ன பேட்டரிகளில் நாட்கணக்கில் பாடும். எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும் அலைக்கு நெரிசல் கிடையாது. கைப்பேசி வலையமைப்பு அடைபடுவதே அந்த இடத்தில்தான்.

பலவீனங்களும் உண்டு. ஸ்டூடியோவிலிருந்து கோபுரம்வரை ஒலியைக் கொண்டுபோகும் இணைப்பு, இரண்டு இடங்களிலும் மின்சாரம், அது போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல்: இவற்றில் ஒன்று நின்றாலும் நிலையம் ஊமையாகிவிடும். மின்காரின் மோட்டாரும் மின்சுற்றுகளும் மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்புவதால், சில கார் நிறுவனங்கள் அந்த அலைவரிசையையே வண்டியிலிருந்து எடுக்கத் தொடங்கின. எல்லாப் புதுக் கார்களிலும் அது இருக்கவேண்டும் என்று 2023-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்ததற்கு இதுவே காரணம்.

கருவியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் முன் உட்காரும் ஆட்கள். பேச்சு வானொலியில் நேயரின் அழைப்பை முதலில் எடுப்பவர் தொகுப்பாளர் அல்ல. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் தயாரிப்பாளர். பெயர், ஊர், விஷயம் மூன்றையும் கேட்டுத் திரையில் தட்டுவார். யாரை முதலில் விடுவது என்ற முடிவு அவருடையது. நேரலை என்றாலும் ஒலி சில விநாடி தாமதித்தே வெளியேறும். தகாத பேச்சை ஒரு பொத்தானில் வெட்டிவிடலாம். சாதாரண நாளில் வசைச்சொல்லைத் தடுக்க வைத்த ஏற்பாடு இது. தீ நாளில் தடுக்க வேண்டியது வதந்தி. “நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா? எந்தத் தெருவில் நிற்கிறீர்கள்? எப்போது பார்த்தீர்கள்?” என்ற கேள்விகளைத் தாண்டித்தான் அழைப்பு ஒலிபரப்புக்கு வரவேண்டும். தொகுப்பாளருக்கு அந்தத் தெரு எங்கே வளைகிறது, அதற்கு இன்னொரு வழி உண்டா என்பது மனப்பாடமாக இருக்கவேண்டும். கேட்பவர் எந்த நிமிடத்தில் வந்து சேர்வார் என்று தெரியாததால், சொன்னதையே நேரத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். உறுதியாகாததை உறுதியாகவில்லை என்றே சொல்லவேண்டும்.

அந்த இருக்கை காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் எல்லோரும் சொல்லும் உதாரணம் மைனாட். வடக்கு டகோடாவில் இருக்கும் அந்த ஊரில் 2002 ஜனவரியில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. காவல்துறை உள்ளூர் வானொலிக்குத் தொலைபேசியில் முயன்றது, யாரும் எடுக்கவில்லை. ஊரின் நிலையங்களில் பெரும்பாலானவை ஒரே பெருநிறுவனத்தின் கையில் இருந்தன. அவசர அறிவிப்புக் கருவி சரியாக இயக்கப்படாததற்கு யார் பொறுப்பு என்று பிறகு இரு தரப்பும் வாதாடிக்கொண்டன. ஒலிபரப்பு உரிமம் பெற்ற நிலையம் தன் ஊரிலோ அருகிலோ ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கவேண்டும் என்பது ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக அங்கே விதி. அதை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று நீக்கியது. டப்ஸ் தீ அன்று இன்னும் முழுமையாகக் கட்டுக்குள் வந்திருக்கவில்லை. இணையம் இருக்கும்போது உள்ளூர் ஸ்டூடியோ எதற்கு என்ற வாதம் சான்டா ரோசாவின் புகைக்குள் நின்ற எவருக்கும் விளங்கியிருக்காது.

அதே ஊரில் இன்னொரு நிலையம், கே.பி.பி.எஃப். 1973-இல் தொடங்கிய இருமொழிச் சமூக வானொலி. தோட்டங்களில் திராட்சை பறிக்கும் தொழிலாளர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் ஒரு பகுதியினருக்கு ஸ்பானிஷ்கூடத் தாய்மொழி இல்லை. மிக்ஸ்டெக் போன்ற பூர்வகுடி மொழிகள் பேசுபவர்கள். குடியேற்றத் தாள்கள் இல்லாத குடும்பம் நிவாரண முகாமுக்குப் போகவே நடுங்கும்; வாசலில் குடிவரவு அதிகாரி நிற்பாரோ என்ற பயம். எங்கே போகலாம், யார் எதைக் கேட்பார்கள் என்பதைக் கே.பி.பி.எஃப் அந்த மொழிகளிலும் சொன்னது. இதே நேரத்தில், தாள்கள் இல்லாத ஒருவர்தான் தீ வைத்தார் என்ற பொய் ஓர் இணையத்தளத்திலிருந்து நாடு முழுவதும் பரவியது. மாவட்ட ஷெரிஃபே அதை மறுக்கவேண்டி வந்தது. இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க இன்றும் அனுமதி இல்லை. கடற்கரைகளிலும் மலைகளிலும் நல்ல நிலையங்கள் இயங்கும் நாட்டில் இந்தத் தடை எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

அக்டோபர் 31-இல் தீ முழுக்கக் கட்டுக்குள் வந்தது. வெளியூர்ச் செய்தியாளர்களுக்கு வேலை அத்தோடு முடிந்தது. பேச்சு வானொலிக்குக் கடினமான வேலை தொடங்கியதே அதற்குப் பிறகுதான். எரிந்த வீட்டின் சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், கன உலோகங்கள் இருக்கும். சொந்த மனையே ஆனாலும் வாரிக் கொட்டிவிட முடியாது. முதலில் சுற்றுச்சூழல் துறை நச்சுப் பொருள்களை எடுக்கும். பிறகு ராணுவப் பொறியாளர் பிரிவின் ஒப்பந்தக்காரர்கள் இடிபாட்டை அள்ளுவார்கள். அதற்கு மனைக்காரர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடவேண்டும். கையெழுத்திட்டால் காப்பீட்டுப் பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்? சில மனைகளில் தேவைக்கு மேல் தோண்டிப் பள்ளமாக்கிவிட்டார்கள், யார் நிரப்புவது? ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பும்போது கூலியும் மரமும் விலையேறும். பழைய மதிப்பில் எடுத்த காப்பீடு பாதிச் சுவருக்குக்கூடப் போதாது. வீட்டைத் திரும்பக் கட்டி முழுத்தொகை பெறுவதற்கான குறைந்தபட்சக் காலக்கெடுவை, பேரிடர் பகுதிகளுக்கு 24 மாதத்திலிருந்து 36 மாதமாக 2018-இல் மாநிலச் சட்டம் நீட்டியது. இப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்தும் என்று ஒரு விதவைத் தாய்க்குப் புரியும்படி யார் சொல்வது? காப்பீட்டு வழக்கறிஞரையும் நகரசபை உறுப்பினரையும் ஸ்டூடியோவுக்கு அழைத்து, நேயர்களின் கேள்விக்கு நேராக உட்காரவைப்பதுதான் பேச்சு வானொலியின் தொழில்.

அரசியலும் அந்த மைக்கின் முன்தான் வருகிறது. டப்ஸ் தீக்குத் தனியார் ஒருவரின் மின்சாதனமே காரணம் என்று மாநிலத் தீயணைப்புத் துறை 2019 ஜனவரியில் அறிவித்தது. அதே மாதம் மின்நிறுவனமான பி.ஜி. அண்ட் இ. திவால் பாதுகாப்புக் கோரியது. துறையின் முடிவை ஏற்காத குடும்பங்கள் அந்த நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தன. ஆண்டின் இறுதியில், பல தீக்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்து 1,350 கோடி டாலர் உடன்பாடு உருவானது. பாதி பணம், பாதி அந்த நிறுவனத்தின் பங்குகள். தன் வீட்டைப் பறிகொடுத்தவர் எதிராளியின் பங்குவிலை ஏறவேண்டும் என்று விரும்பவேண்டிய நிலை. 2020-இல் அவர்கள் இதற்கு வாக்களிக்கவேண்டியிருந்தது. கையில் கொடுத்ததோ சட்டமொழியில் எழுதிய கனத்த ஆவணம்.

ஊரின் நினைவுக்கும் அங்கே இடம் உண்டு. 1964-இல் ஹான்லி தீ ஏறத்தாழ இதே பாதையில் இறங்கியது. அன்று சரிவுகளில் வீடுகள் மிகக் குறைவு. பிறகு அங்கேதான் ஃபவுன்டன்குரோவ் என்ற குடியிருப்பு எழுந்தது, 2017-இல் எரிந்தது. ஸ்னூப்பியைப் படைத்த சார்லஸ் ஷுல்ஸ் வாழ்ந்த மலைவீடும் அந்தத் தீயில் போனது. அந்தச் சரிவில் மீண்டும் கட்டலாமா? 1964-ஐக் கண்ணால் பார்த்த முதியவருக்கு ஒரு பதில், கடனோடு வெற்று மனையைப் பார்த்து நிற்பவருக்கு இன்னொரு பதில். இருவரும் ஒருவர் பேசுவதை மற்றவர் முழுக்கக் கேட்டாகவேண்டிய இடம் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

2019 அக்டோபரில் கின்கேட் தீ வந்தது. பெருங்காற்றை எதிர்பார்த்து மின்நிறுவனம் முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. வீடுகளில் தொலைக்காட்சி இல்லை, இணையம் இல்லை. பேட்டரி வானொலிகள் மறுபடி வெளியே வந்தன. சுமார் 1,80,000 பேரை மாவட்டம் வெளியேறச் சொன்னது. இம்முறை எச்சரிக்கை வெகு முன்னதாகவே போனது. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் எரிந்தும் யாரும் சாகவில்லை. நிர்வாகமும் தீயணைப்பு வீரர்களும் மாறிய காற்றும் அதற்குக் காரணங்கள். இரண்டு ஆண்டுகளாகத் தினமும் இதைப் பற்றியே பேசிப் பழகிய ஊர் சொன்னவுடன் கிளம்பியதையும் அவற்றோடு சேர்க்கிறேன்.