பொடிக்குக் கல்லும் ஒன்று, அச்சும் ஒன்று

காவிரி காரைக்கால் வரைக்கும் கல்லைச் சுமந்து வருவதில்லை. கனமானதையெல்லாம் மேற்கிலேயே இறக்கிவிட்டு மணலையும் வண்டலையும் மட்டும் கொண்டுவருகிறது. அரசலாறு கடலில் சேரும் இடத்தில் குனிந்து தேடினால் மணலும் கிளிஞ்சலும்தான் கிடைக்கும். கூழாங்கல் வேண்டுமென்றால் கரூர், காங்கேயம் பக்கம் போய்வரும் உறவுக்காரர் பையில் நாலு கொண்டுவர வேண்டும். அந்தக் கல்லைப் பளபளப்பாக்க, ஆறு பல காலம் செய்யும் வேலையை நான்கைந்து வாரத்தில் செய்து தருவதுதான் ராக் டம்ளர் என்கிற கல் உருட்டும் எந்திரம்.

அமைப்பு எளிமையானது. கிடையாக இரண்டு இரும்பு அச்சுகள். மோட்டார் ஒரு பெல்ட்டின் மூலம் அச்சைச் சுழற்றுகிறது. அச்சுகளின் மேல் மூடி போட்ட ரப்பர் டிரம் படுத்தபடி உருளும். டிரம்முக்குள் கல், தண்ணீர், கார்போரண்டம் பொடி. மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே கார்போரண்டம்தான். குவார்ட்ஸ் கல்லின் கடினம் மோ அளவில் 7. கார்போரண்டம் 9க்கும் மேல். அதனால்தான் கல் தேய்கிறது. கடற்கரை மணலைப் போட்டு உருட்டினால் வேலை நடக்காது. மணலும் குவார்ட்ஸ்தான், அதுவும் அலையில் முனை மழுங்கிப்போன குவார்ட்ஸ்.

இந்த எந்திரத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பொடி இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. டிரம்முக்குள் இருந்தால் அது வேலைக்காரன். மூடி விளிம்பிலும் அச்சிலும் அடுத்த கட்டத்துக்கான கல்லிலும் ஒட்டிக்கொண்டால் அதுவே பகை. பொடிக்குக் கல் எது, அச்சு எது என்று தெரியாது. பட்டதையெல்லாம் தேய்க்கும்.

நான்கு கட்டம்

முதலில் 60/90 என்ற பருவெட்டுப் பொடி, அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற பாலிஷ் பொடி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம், இரவு பகலாக. கல் கரடுமுரடாக இருந்தால் முதல் கட்டத்தை இரண்டு, மூன்று முறை ஓட்ட வேண்டியிருக்கும். அங்கே அவசரப்பட்டவருக்குக் கடைசிவரை பளபளப்பு வராது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஊருவதற்கு நாள் கொடுக்க வேண்டும்.

டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு கல் இருக்கட்டும். தண்ணீர் மேலடுக்குக் கல்லை மூழ்கடிக்காமல் அதன் அடியைத் தொட்டு நின்றால் போதும். ஒன்றரைக் கிலோ டிரம்முக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி சரியான அளவு. கல் தேய்ந்து அளவு குறைந்தால் பிளாஸ்டிக் குருணையோ பீங்கான் துண்டுகளோ போட்டு நிரப்ப வேண்டும்.

கற்கள் ஒரே கடினத்தில் இருப்பது முக்கியம். குவார்ட்ஸோடு சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் சுண்ணாம்புக் கல் கரைந்து சேறாகும். கிளிஞ்சலுக்கும் அதே கதி. வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் கருங்கல் ஜல்லியும் ஏமாற்றும். கருங்கல் ஒரே பொருளல்ல. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அபிரகம் எல்லாம் சேர்ந்தது. மென்மையான அபிரகம் முதலில் உதிர்ந்து குழி விழும். பிறகு எத்தனை வாரம் ஓட்டினாலும் கண்ணாடிபோல் ஆகாது.

காதால் பழுது பார்ப்பது

டிரம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நிறைவாக இருந்தால் சளசளவென்று ஒரே சீரான சத்தம் வரும், ஈர நெல்லைச் சாக்கில் குலுக்கினாற்போல. ‘டக், டக்’ என்று தனித்தனியாக விழுந்தால் கல் குறைவு அல்லது தண்ணீர் அதிகம். கல்லின் முனைகளில் பிறை வடிவத்தில் சின்னச் சின்ன அடிபட்ட தடங்கள் தெரியும். சத்தமே அடங்கிப்போனால் உள்ளே சேறு கெட்டியாகிவிட்டது, அல்லது டிரம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டால் உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். டிரம்மை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். அச்சு சுற்றினால் மோட்டார் நல்லபடி இருக்கிறது. டிரம் அதிக கனம், அல்லது டிரம்மின் வெளிப்புறம் ஈரமாகி வழுக்குகிறது. அச்சும் சுற்றவில்லையென்றால் மின் இணைப்பை எடுத்துவிட்டுப் பெல்ட்டைக் கழற்றுங்கள். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் மட்டும் ஓடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அச்சின் முனையைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகியிருக்கிறது. பெல்ட் கழன்ற பின்பும் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒழுகலுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் மூடி விளிம்பில் ஒட்டிய நாலு பொடிதான். என் டிரம் ஒரு முறை இரவெல்லாம் ஒழுகி, காலையில் அச்சு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு பூசியிருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் உதட்டில் மயிரிழைபோல் ஒரு வரி, அவ்வளவுதான். அன்றிலிருந்து மூடுவதற்கு முன் ஈரத்துணியால் ஒரு சுற்று, உலர்ந்த துணியால் ஒரு சுற்று விளிம்பைத் துடைக்காமல் மூடுவதில்லை.

சில கற்களிலிருந்து வாயு கிளம்பி மூடி புடைக்கும். முதல் கட்டத்தில் தினம் ஒரு தடவை திறந்து மூடினால் போதும். உலோகத் துண்டு எதையும் உள்ளே போடாதீர்கள்; அதுவும் வாயு கிளப்பலாம்.

உப்புக்காற்றும் மின்வெட்டும்

காரைக்காலில் எந்திரத்தின் முதல் எதிரி கடற்காற்று. ஒரு மாதம் சும்மா வைத்தாலே அச்சில் செம்புள்ளி விழும். துருப்பிடித்த அச்சு சொரசொரப்பாகி ரப்பரைத் தின்னும். வாரம் ஒரு முறை, கட்டம் மாற்றும்போது, அச்சைத் துடைத்து இரு முனைகளிலும் உள்ள புஷ்ஷில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள் போகப் போகப் பிசினாகும். டிரம் படுக்கும் இடத்திலும் பெல்ட்டிலும் எண்ணெய் படவே கூடாது. அதிகமாக விட்ட எண்ணெய் பொடியைப் பிடித்து வைத்து அச்சை அரைக்கும். ஓட்டாத நாள்களில் துணி போட்டு மூடி வையுங்கள். ஓடும்போது மூடக் கூடாது. சின்ன மோட்டாருக்குக் காற்றோட்டம்தான் உயிர்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த எந்திரமானால் இன்னொரு கவனம் வேண்டும். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும்; ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றும், கூடுதலாகச் சூடாகும். நம் மின்சாரத்துக்கென்றே செய்த மோட்டார்தான் நிலைத்து உழைக்கும்.

மின்சாரம் சில மணி நேரம் போனால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நின்ற டிரம்மில் சேறு அடியில் படிந்து சிமெண்டாக இறுகும். மின்சாரம் வந்ததும் டிரம்மைக் கையால் பத்து முறை உருட்டிவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் திணறும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தாற்போல் நாள்கணக்கில் இருண்டுவிடும் காலத்தில் டிரம்மைத் திறந்து கல்லைக் கழுவி எடுத்து வைத்துவிடுவதே நல்லது.

கழுவுவதில்தான் பாலிஷ்

‘எல்லாம் செய்தும் கல் மங்கலாகவே இருக்கிறது’ என்பவரிடம் நான் முதலில் கேட்பது, கட்டத்துக்குக் கட்டம் எப்படிக் கழுவினீர்கள் என்றுதான். 60 பொடியில் ஒரே ஒரு மணி 500 கட்டத்துக்குள் போய்விட்டால் அந்த வாரம் முழுக்க அது எல்லாக் கல்லிலும் கோடு கிழிக்கும். டிரம், மூடி, கல் மூன்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசலும் ஓட்டையும் உள்ள கல்லை முதல் கட்டத்தோடு ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பிளவுக்குள்தான் பொடி ஒளிந்து வரும். பாலிஷுக்கு முன் சோப்புச் சீவலும் தண்ணீரும் விட்டு ஓரிரு மணி நேரம் ஓட்டினால் மிச்சம் மீதியும் வெளியேறும். முடிந்தால் பாலிஷுக்கென்று தனி டிரம் வையுங்கள்.

கல்லை ஈரத்தோடு பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் எந்தக் கல்லும் மின்னும். உலர்த்தி, விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் ஒளி புள்ளியாகத் தெரிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மாவு பூசியதுபோல் பரவித் தெரிந்தால் அதே கட்டம் இன்னும் சில நாள்.

கழுவிய சேற்றைக் கழிவறையிலோ தொட்டியிலோ ஊற்றினால் குழாய்க்குள் கல்லாக இறுகும். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டுத் தெளிந்த நீரை வடித்து, அடிச்சேற்றை ஈரமாகவே உறையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். காயவிட்டுத் தூசி கிளப்பாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதற்கு குஜராத்தின் காம்பத் ஊரே சாட்சி. அகேட் கல்லைச் சக்கரத்தில் உலர்வாகத் தீட்டிய தொழிலாளர்கள் பலர் அங்கே சிலிகோசிஸ் நோய்க்கு ஆளானார்கள்.

நம் கைத்தொழிலின் தொடர்ச்சி

அதே காம்பத்தில் மணிகளைப் பளபளப்பாக்க ஒரு பழைய முறை உண்டு. தோல் பையில் மணி, எமரிப் பொடி, தண்ணீர் போட்டு வாயைக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். நம் ரப்பர் டிரம்மின் மூதாதை அந்தத் தோல் பை. இன்று அங்கேயும் மோட்டார் டிரம் வந்துவிட்டது.

காரைக்கால் இருக்கும் இதே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். கார்னிலியன், அகேட், பளிங்கு மணிகளும் பாதி செய்து விட்ட மணிகளும் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரைக் கொடுமணலிலும் அப்படியே. மேற்கே கல் எடுத்து, மணி செய்து, கடலோரத்தில் கப்பலேற்றிய ஊர்கள் நம்முடையவை.

ஆகவே இதைப் பிள்ளை விளையாட்டாக எண்ணி ஒரு மாதம் ஓட்டிவிட்டு மூலையில் போட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்: விளிம்பைத் துடைப்பது, அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பல்துலக்கியால் ஒரு கழுவல். பொடியை அதன் இடத்தில் நிறுத்தி வைத்தால் எந்திரம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். காவிரி இங்கே கொண்டுவராத கூழாங்கல் உங்கள் வீட்டுத் திண்ணையில் உருண்டு வரும்.