கண்ணுக்குத் தெரியாத சரக்கு. கணக்கு மட்டும் பத்திரம்!

பள்ளிவாசல்:

மூணாறு அருகே உள்ள பள்ளிவாசல், மின்சாரத்தால் பெயர் பெற்ற ஊர். திருவிதாங்கூர் அரசு 1940-ல் தொடங்கிய முதல் நீர் மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. மின்சாரமும் கண்ணுக்குத் தெரியாத சரக்குதான். ஆனால் அதை அளக்க மீட்டர் இருக்கிறது. தகராறு வந்தால் மீட்டரைப் பார்த்துத் தீர்த்துக் கொள்ளலாம்.

இப்போது இந்த மலையிலிருந்து வேறொரு சரக்கும் விற்பனையாகிறது. கல்யாண அழைப்பிதழ் டிசைன், பாடக் குறிப்பு, போட்டோ என்று நம் பிள்ளைகள் செல்போன் மூலமாகவே விற்கிறார்கள். பார்சல் கட்டும் வேலை இல்லை. தபால் செலவும் இல்லை. ஆனால் இதற்கு மீட்டரும் இல்லை!

150 ரூபாயால் வந்த வினை

எஸ்டேட் லயம் ஒன்றில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். தமிழ் வழி மாணவர்களுக்குப் பாடக் குறிப்பு தயாரித்து, 150 ரூபாய்க்கு விற்று வந்தாள். பணம் அம்மாவின் பாங்கிக் கணக்கில் விழும்.

ஒரு நாள் அந்தக் கணக்கு முடங்கியது. குறிப்பு வாங்கிய யாரோ ஒருவர் அனுப்பிய பணம், மோசடிப் பணமாம். வெளி மாநிலப் போலீசில் புகாராம்.

"நூற்றைம்பது ரூபாய்க்காக அம்மா கொழுந்து கிள்ளின சம்பளம் பூரா மாட்டிக்கிச்சு, சார். அரிசி வாங்கக்கூட எடுக்க முடியலை" என்றாள், கண் கலங்க.

கேரளத்தில் இப்படி அவதிப்பட்டவர்கள் பலர். அவர்களில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2023-ல் கேரள ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. போலீசார் குறிப்பிடும் தொகையை மட்டும் பாங்கி நிறுத்தி வைக்க வேண்டும், கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

பார்சல் ஆபீஸ் பாடம்

நான் ரெயில்வேயில் வேலை பார்ப்பவன். பார்சல் வரவில்லை என்று யார் வந்தாலும் எங்கள் முதல் கேள்வி, "ரசீது எங்கே?" என்பதுதான். ரசீதில் தேதி, எடை, அனுப்பியவர் பெயர் எல்லாம் இருக்கும்.

செல்போன் சரக்குக்கு அந்த ரசீதை விற்பவரே உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

பணம் வாங்கும் முன்பே, என்ன பொருள், எத்தனை பக்கம், என்ன விலை, எப்போது பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி அனுப்புங்கள். "சரி" என்று பதில் வாங்குங்கள். மாதிரிக்கு ஒரு பக்கம் காட்டலாம். முழுவதையும் பணம் வந்த பிறகே அனுப்புங்கள். "கிடைத்தது" என்ற பதிலையும் அழிக்காமல் வையுங்கள்.

"பணம் போட்டாச்சு" என்று வரும் படத்தை நம்பாதீர்கள். போலிப் படம் தயாரிப்பது சுலபம். உங்கள் கணக்கில் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

வழியில் நின்ற பணம்

வாங்குபவர் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, உங்களுக்கு வராமல் போவதும் உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி இதற்கு விதி வகுத்தது. யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கொருவர் அனுப்பிய பணம் என்றால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்திய பணம் என்றால் 5 நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு நஷ்டஈடு உண்டு. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கைப்பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

"தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், வேறு நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்பாரிடம் உஷார்! பாங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தத் தேவையே இல்லை.

கார்டில் பணம் கட்டியவர் தம் பாங்கியில் ஆட்சேபம் கிளப்பினால், உங்களிடம் விளக்கம் கேட்பார்கள். கெடுவுக்குள் ஆதாரம் அனுப்பாவிட்டால் பணம் போய்விடும். அதே நேரம், தப்பு நம் பக்கம் என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுப்பதே அழகு.

கணக்கு முடங்கினால்

எந்தப் போலீஸ் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்று பாங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். விற்ற பொருளுக்கான ஆதாரத்தை இணையுங்கள். ஐகோர்ட்டு தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். நீங்களே ஏமாற்றப்பட்டால், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் மனுக் கொடுத்தாள். 150 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்து, மீதியை விடுவித்தார்கள். அம்மாவின் சம்பளம் கைக்கு வந்தது. அந்த 150 மட்டும் இன்னும் வரவில்லை.

இப்போது வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறாள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறாள்.

"இதுதான் சார் என் மீட்டர்" என்று சிரித்தாள்.