ஸ்டீராய்டு ஊசி: எப்போது போடுவது, எப்போது பொறுப்பது?



எங்கள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு உண்டு. வியாதியஸ்தரின் உறவினர்கள் இரவும் பகலும் காத்திருக்கும் இடம் அது. ஆறுதல் பணியில் இருக்கும் நாங்களும் நாளின் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்த ஓர் இளைஞர் எங்களைத் தனியே அழைத்தார். உள்ளே சுவாசக் கருவியில் இருந்தவர் அவருடைய அக்கா. வயது 38, ஆடு மேய்ப்பவர். ஆறு நாள் காய்ச்சலுக்குப் பிறகு மூச்சுத் திணறலோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"ஐயா, கொரோனா நேரத்துல எங்க பெரியப்பா ஸ்டீராய்டு ஊசி போட்டுத்தான் பிழைச்சார். அக்காவுக்கு ஏன் அதைப் போடல? பணம் கட்டாததுனாலயா?" என்று கேட்டார்.

அந்த ஊசி சில ரூபாய்களுக்குக் கிடைப்பது. அதைப் போடாததற்குக் காரணம் பணம் அல்ல. உங்களில் சிலரும் கடிதங்களில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எங்கள் டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டு விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நுரையீரல் நனையாத பஞ்சு போன்றது. அதிலுள்ள கோடிக்கணக்கான சிறு காற்றறைகளின் வழியாக ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது. கடும் நிமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமி, கணைய அழற்சி போன்றவற்றால் இந்த அறைகளின் சுவர்கள் கசியத் தொடங்கினால் பஞ்சு நனைந்து கனத்துப்போகிறது. 1967-ல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் இப்படிப்பட்ட 12 பேரைப் பற்றி எழுதி, இதைத் தனி நோய்நிலையாக உலகுக்கு அறிவித்தார்கள். அந்த 12 பேரில் 7 பேர் இறந்துபோனார்கள். டாக்டர்கள் இதைச் சுருக்கமாக 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்கிறார்கள்.

இதில் கேட்டைச் செய்வது கிருமி மட்டுமல்ல. கிருமியைத் துரத்தப் புறப்பட்ட உடலின் சேனையே வீட்டுச் சுவரையும் இடிக்கிறது. ஸ்டீராய்டு அந்தச் சேனையை அடக்குகிறது. சேனை அடங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம் அல்லவா என்று கேட்பீர்கள். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இதில் மருத்துவ உலகம் பலமுறை மனம் மாறியிருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் 99 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரே நாளில் மிகப் பெரிய அளவு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 2006-ல் வெளியான மற்றோர் ஆய்வில், வியாதி வந்து ஒரு வாரமாகியும் தெளியாத 180 பேர் இருந்தார்கள். மருந்து பெற்றவர்கள் சுவாசக் கருவியிலிருந்து சற்று முன்னதாக விடுபட்டார்கள். மொத்தத்தில் மரணம் குறையவில்லை. இரண்டு வாரம் கடந்தபின் மருந்தைத் தொடங்கியவர்களிடையே மரணம் அதிகமாகவே இருந்தது.

பிறகு 2020 வந்தது. ஸ்பெயின் நாட்டின் 17 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 277 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு அந்த ஆண்டு வெளியாயிற்று. வியாதி தொடங்கிய உடனே டெக்சாமெத்தசோன் கொடுக்கப்பட்டவர்களில் 60 நாட்களுக்குள் இறந்தவர்கள் 21 சதவீதம். கொடுக்கப்படாதவர்களில் 36 சதவீதம். அதே ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனிலிருந்து கொரோனா ஆய்வின் செய்தி வந்தது. சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே மரணம் 41 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் நன்மை இல்லை. தீமையின் சாயல்கூடத் தெரிந்தது. இந்த இரண்டாம் பாதியைப் பலரும் கவனிக்காமல் விட்டார்கள். சாதாரணக் கொரோனாவுக்கும் வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கினார்கள். 2021-ல் நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு, கட்டுப்படாத சர்க்கரை வியாதியோடு இதுவும் ஒரு காரணமாயிற்று. அந்த மாதங்களில் கண்ணை இழந்தவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். ஆகவே இந்த ஊசியை அற்புத மருந்தென்று யாராவது சொன்னால் எங்களுக்கு உடனே 'ஆமென்' சொல்ல வருவதில்லை.

2024-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள் ஏ.ஆர்.டி.எஸ். உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆகவே எங்கள் டாக்டர்கள் படுக்கையருகே நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே யோசிக்கிறார்கள்.

முதலில் வியாதி எவ்வளவு கடுமை என்று பார்க்கிறார்கள். இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பங்கால் வகுக்கிறார்கள். நமக்கு இந்தக் கணக்கு 400-க்கு மேல் வரும். 200-க்குக் கீழே போனால் கவலை. 100-க்குக் கீழே போனால் பேராபத்து. அந்தச் சகோதரிக்கு அன்று 120.

அடுத்த கேள்வி, இது எதனால் வந்தது என்பது. டாக்டர்கள் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். நனைந்த நுரையீரலின் எக்ஸ்ரே எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வெள்ளையாகத் தெரியும், காரணங்கள் வேறு. கடுமையான பாக்டீரியா நிமோனியாவில் தொடக்கத்திலேயே ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தால் உயிர்கள் காக்கப்படுவதை 2023-ல் பிரான்சு நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. இன்ஃப்ளுயன்சா காய்ச்சலிலோ, ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்ததைப் பல கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. மறைந்திருக்கும் காசநோயும் இந்த மருந்தால் தலைதூக்கலாம். வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியே நுழைந்து, குடலில் வருடக்கணக்கில் தங்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் சிறு புழுவும் அப்படித்தான். உடலின் காவல் தளர்ந்ததும் அது எங்கும் பரவிவிடும்.

அந்தச் சகோதரியை அன்றிரவு உடம்பு துடைத்துவிட்ட சிஸ்டர், இடுப்பு மடிப்பில் ஒரு சிறிய கறுத்த புண்ணைக் கண்டார். சிகரெட்டால் சுட்டதுபோல் இருந்தது, வலி இல்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். புதர்க்காட்டு உண்ணிப்பூச்சி கடித்து வரும் 'ஸ்க்ரப் டைஃபஸ்' காய்ச்சலின் அடையாளம் அது. இதற்கு வேண்டியது கிருமியைக் கொல்லும் மருந்து. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்பதை நம் நாட்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த இரண்டையும் தொடங்கி, ஸ்டீராய்டை ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் தீர்மானித்தார். மறுநாள் மாலை கணக்கு 170-க்கு ஏறியது. ஊசி தேவைப்படவில்லை.

எல்லாத் தீர்மானமும் இப்படி முடிவதில்லை. அதே மாதத்தில் வேறோரிடத்தில் 18 நாட்கள் சுவாசக் கருவியில் இருந்த ஒரு பெரியவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். அவருடைய மனைவி, "எதையாவது போட்டுப் பாருங்களேன்" என்று கைகூப்பினார். காலம் கடந்துவிட்டது, இனிப் போட்டால் தீங்கே அதிகம் என்று டாக்டர்கள் மறுத்தார்கள். நான்கு நாட்களில் அவர் மரித்துப்போனார். அந்த அம்மாள் இன்னும் எங்களைச் சந்திக்கும்போதெல்லாம், "போட்டிருக்கலாமோ, ஐயா?" என்று கேட்கிறார். 2006-ம் ஆண்டின் ஆய்வைச் சொல்லி அவரை ஆற்ற முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.

ஊசியைப் போடத் தீர்மானித்தாலும் வேலை முடிவதில்லை. சர்க்கரை ஏறும், ஓயாமல் விரலில் குத்திப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்க வேண்டும். புதுக் கிருமி நுழைந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். அதனால் இரத்தத்தையும் சளியையும் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கைகால் தசைகள் தளரலாம். மருந்து மலிவு, இந்தக் காவல்தான் விலை உயர்ந்தது. இரவுப் பணியில் ஒரு சிஸ்டர் குறைந்தால் அதன் பாதிப்பு முதலில் இங்கேதான் தெரியும்.

பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் இப்போது நாங்களும் சில கேள்விகளைக் கேட்டு டாக்டரிடம் சொல்கிறோம். முன்பு காசநோய் வந்ததா? சர்க்கரை உண்டா? மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதுண்டா? அப்படி வாங்கும் மாத்திரைகளில் சில சமயம் ஸ்டீராய்டே இருக்கும். நெடுநாள் சாப்பிட்டவருக்கு அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அந்த இளைஞரிடமும் கேட்டோம். மறுநாள் ஊருக்குப் போய், அக்காவின் மாத்திரைகளையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்தார். அவற்றில் ஸ்டீராய்டு இல்லை. ஆறாம் நாள் கருவியை எடுத்தபோது, அக்கா முதலில் கேட்டது ஆடுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான்.