பழைய ஏசி: திருத்துவதா, மாற்றுவதா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

2009இல் போர் முடிந்த பின்னரே வன்னியின் பல ஊர்களுக்குத் தேசிய மின்கட்டமைப்பின் மின்சாரம் வந்து சேர்ந்தது. அதையடுத்த ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீடுகளில் பொருத்தப்பட்ட ஏசிகள் இப்போது பத்து வயதைக் கடந்துவிட்டன. அவற்றில் ஆர்-22 காஸில் ஓடுபவையும் உண்டு. அந்தக் காஸ் படிப்படியாக நிறுத்தப்படுவதால், பழுது வரும்போது என்ன செய்வது என்ற குழப்பம் எழுந்துள்ளது.

ஆர்-22 காஸ் நிற்கப்போகிறதாமே, எப்போது?

ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. அதன்படி, வளர்முக நாடுகள் ஆர்-22 அடங்கிய எச்.சி.எப்.சி. வகை வாயுக்களின் நுகர்வை 2025 ஜனவரி 1 முதல் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும். 2009, 2010ஆம் ஆண்டுகளின் சராசரியே இதற்கு அடிப்படை. 2030 ஜனவரி 1 முதல் நுகர்வு அடியோடு நிற்க வேண்டும். பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்காக 2040 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2.5 சதவீதம் மட்டும் அனுமதிக்கப்படும்.

அப்படியானால் வீட்டில் ஓடும் ஆர்-22 ஏசியை இப்போதே கழற்ற வேண்டுமா?

தேவையில்லை. உடன்படிக்கை கட்டுப்படுத்துவது காஸின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றையே. வீட்டில் உள்ள ஏசியை ஓட்டுவதற்கு அது தடை விதிக்கவில்லை. எந்தக் காஸ், எத்தனை கிராம் என்பது வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட தகட்டில் இருக்கும். காஸ் கசியாமல் நன்றாகக் குளிரூட்டும் ஏசியை ஆர்-22 என்ற காரணத்துக்காக மட்டும் தூக்கி எறிவது வீண் செலவு.

ஆண்டுதோறும் காஸ் அடிப்பது வழக்கம்தானே?

வழக்கமாகிவிட்டது, ஆனால் தேவையானதல்ல. காஸ் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். செப்புக் குழாயும் நட்டும் பொருந்தும் இடத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தாலோ, அங்கே சவர்க்கார நுரை பூசும்போது குமிழி எழுந்தாலோ கசிவு அங்கேதான். கசிவை அடைத்து, வக்யூம் பம்ப்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்து, தகட்டில் உள்ள எடைக்குத் தராசில் நிறுத்துக் காஸ் நிரப்புவதே முறையான திருத்தம். இவற்றைச் செய்யாமல் காஸ் மட்டும் அடித்தால், அடுத்த கோடையில் அதே செலவு மீண்டும் வரும்.

ஆர்-22 ஏசியில் புதிய ஆர்-32 காஸை நிரப்பலாமா?

கூடாது. ஆர்-32 இயங்கும் அழுத்தம் ஆர்-22ஐ விட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் அதிகம். கம்பிரசர் எண்ணெயும் வேறு வகை. அத்துடன் ஆர்-32 தீப்பற்றக்கூடியது. அதற்கென வடிவமைக்கப்படாத பெட்டியில் அதை அடைப்பது உயிராபத்து.

எந்தப் பழுதைத் திருத்தலாம், எப்போது மாற்றலாம்?

மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் கெபாசிட்டர் பழுதாவதுண்டு. வெளிப்பெட்டி விசிறி சுற்றியும் கம்பிரசர் உறுமி நின்றுவிடுவது அதன் அறிகுறி. இது சிறிய செலவில் முடியும். சோளகக் காற்று மாதங்களில் செம்மண் புழுதி அடைத்துக் குளிர் குறைந்தால் கழுவிச் சுத்தம் செய்தாலே போதும். பத்து ஆண்டு கடந்த ஆர்-22 ஏசியில் கம்பிரசர் எரிந்தாலோ, குளிர்ச்சுருளே ஓட்டையானாலோ மாற்றுவதே இலாபம். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரிப்பதால் இந்த முடிவு முன்னதாகவே வரலாம். அங்கே அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள மாதிரியே பொருத்தம்.

புதிய இன்வேர்ட்டர் ஏசியால் மின்பட்டியல் எவ்வளவு குறையும்?

பழைய 12,000 பி.ரி.யூ. ஏசி ஏறத்தாழ 1,200 வாட் இழுப்பதாகவும், இரவில் 8 மணிநேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கம்பிரசர் ஓடுவதாகவும் கொண்டால், 30 நாளில் 192 அலகு வரும். மின்பட்டியலின் வீட்டுப் பிரிவில் 180 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் அதியுயர் கட்டணம் அறவிடப்படுகிறது. வீட்டின் மற்றப் பாவனை 90 அலகாக இருந்தால் மொத்தம் 282 ஆகிவிடும். இன்வேர்ட்டர் 30 சதவீதம் மிச்சப்படுத்தினால் குறையும் 58 அலகும் அந்த அதியுயர் கட்டணப் பிரிவிலேயே குறையும். நாளுக்கு ஓரிரு மணிநேரம் மட்டும் ஏசி போடும் வீட்டில் இந்த இலாபம் சிறியதே.

எத்தனை பி.ரி.யூ. தேவை? பழைய குழாயையே பாவிக்கலாமா?

12 அடிக்கு 12 அடி அறைக்கு 9,000 முதல் 12,000 பி.ரி.யூ. போதும். ஆனால் வீட்டுத்திட்ட வீடுகளைப் போல ஓட்டுக்கூரையின் கீழ் சீலிங் இல்லாமல் இருந்தால், ஓட்டு இடுக்கால் குளிர் வெளியேறும். பெரிய ஏசி வாங்குவதற்கு முன் சீலிங் அடிப்பதே முதற்செலவாக இருக்க வேண்டும். ஆர்-22இலிருந்து ஆர்-32க்கு மாறும்போது, பழைய எண்ணெய் படிந்த குழாயை விட்டுப் புதிய செப்புக் குழாய் போடுவது பாதுகாப்பானது. ஏசிக்குத் தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், ஏர்த் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

உத்தரவாத காலத்திலேயே பழுதானால் யாரிடம் முறையிடுவது?

முதலில் விற்பனையாளரிடம், பற்றுச்சீட்டுடன். தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்து மூலம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும். அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. திருத்தக் கூலிக்கும் பற்றுச்சீட்டு வாங்கி, நிரப்பிய காஸின் பெயரையும் எடையையும் அதில் எழுதச் செய்வது அவசியம்.

கழற்றிய பழைய ஏசியை இரும்பு வியாபாரியிடம் கொடுக்கலாமா?

காஸ் உள்ளே இருக்கும்போது குழாயை வெட்டிக் கொடுக்கக்கூடாது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில், ஏறத்தாழ 1,800 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். காஸை மீட்பு இயந்திரத்தால் சிலிண்டருக்கு மாற்றிய பின், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் பெட்டியை ஒப்படைக்க வேண்டும்.