ஸ்பின்னக்கர் (பாய்க் கயாக்)

ஸ்பின்னக்கர் என்பது காற்று படகின் பின்புறத்திலிருந்தோ பின்பக்கவாட்டிலிருந்தோ வீசும்போது மட்டும் படகின் முன்னே விரிக்கப்படும் மெல்லிய, உப்பிய பாய் ஆகும். பெரும்பாய் பாய்மரத்தோடு ஒட்டியிருக்க, இது மூன்று முனைகளில் மட்டும் கயிற்றால் பிடிக்கப்பட்டுப் பட்டம்போல் காற்றில் நிற்கிறது. இக்கட்டுரை நடுவே ஒரு கயாக்கும் இரு பக்கமும் சிறு மிதவைகளும் கொண்ட டிரைமரான் வகைச் சிறுபடகில் இப்பாயைச் சேர்ப்பது பற்றியும், சென்னைக் கடற்கரையில் அதன் பயன்பாடு பற்றியும் கூறுகிறது.

பெயரும் வரலாறும்

டிரைமரான் என்ற சொல்லின் பிற்பகுதி தமிழே. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆயிற்று. வில்லியம் டேம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் அச்சொல் காணப்படுகிறது. பின்னர் ஐரோப்பியர் அதை இரட்டை உடற்படகுக்குப் பெயராக்கினர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உக்ரைனில் பிறந்த அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் விக்டர் செச்செட் அதன் வாலை வெட்டி, மூன்றைக் குறிக்கும் முன்னொட்டைச் சேர்த்து டிரைமரான் என்றார். ஆனால் மூலக் கட்டுமரத்துக்கு இரட்டை உடலும் இல்லை, பக்க மிதவையும் இல்லை. அது மரங்களை நெருக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிய ஒரே மிதவை என்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்பின்னக்கர் 1860களில் இங்கிலாந்தின் பந்தயப் படகுகளில் தோன்றியது. பழைய வகை இருபுறமும் ஒத்த வடிவுடையது. அதன் ஒரு முனையைத் தாங்கப் பாய்மரத்திலிருந்து ஒரு கழி நீட்ட வேண்டும். 1980களில் ஆஸ்திரேலியாவின் ஜூலியன் பெத்வெயிட் முதலியோர், முகப்பில் நீளும் நிலையான கழியின் நுனியில் கட்டப்படும் ஒத்தமையா வடிவை 18 அடிப் பந்தயப் படகுகளில் பரப்பினர். சிறு டிரைமரானுக்குப் பொருந்துவது இவ்வகையே. திசை மாற்றும்போது கழியைத் தொட வேண்டியதில்லை.

பெத்வெயிட் வடிவமைத்த 49இஆர் வகைப் படகு 2000 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. சென்னையில் பயின்ற வருண் தக்கர், கே. சி. கணபதி இணை 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவ்வகையில் வெண்கலம் வென்றது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்றது. பெண்களுக்கான 49இஆர் எஃப்எக்ஸ் வகையில் சென்னையின் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகருடன் இணைந்து 2018இல் வெள்ளி வென்றார்.

விசையின் அளவு

படகில் இருப்பவர் உணரும் காற்று வேறு, கரையில் நிற்பவர் உணரும் காற்று வேறு. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் பின்னிருந்து வீசும் காற்றில் படகு 9 கி.மீ. வேகத்தில் ஓடினால், பாய்க்குக் கிடைப்பது மீதி 9 கி.மீ. மட்டுமே. ஐந்து சதுர மீட்டர்ப் பாயில் அப்போது எழும் விசை ஏறத்தாழ 2¼ கிலோகிராம் எடைக்குச் சமம். இது ஒரு குழந்தையும் பிடித்து நிறுத்தக்கூடிய அளவு.

முகப்பு முன்னலையின் முதுகில் குத்திப் படகு நின்றுவிட்டால் நிலைமை மாறுகிறது. இப்போது பாய்க்கு முழு 18 கி.மீ. காற்றும் கிடைக்கிறது. விசை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால் அது நான்கு மடங்காகி 9 கிலோகிராமாகிறது. காற்று சற்றும் கூடவில்லை. படகு நின்றது ஒன்றே காரணம். இவ்விசை நீர்மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் மேலே செயல்பட்டு முகப்பை மேலும் அமிழ்த்துகிறது. இதைச் சமன்செய்ய 75 கிலோகிராம் எடையுள்ளவர் 30 செ.மீ. பின்னால் நகர்ந்தால் போதும். ஆனால் கயாக்கின் இருக்கை நிலையானது. பின்னால் நகர இடமிருப்பதில்லை. எனவே பாய்க்கு மாற்றும் முன்பே சுமைகளைப் படகின் பின்புறத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

அகன்று நிற்கும் பக்க மிதவைகளால் டிரைமரான் பக்கவாட்டில் எளிதில் கவிழாது என்பது உண்மை. அதனாலேயே பலர் எவ்வளவு பெரிய பாயையும் தாங்கும் என எண்ணுகின்றனர். ஸ்பின்னக்கரால் வரும் கவிழ்ப்பு பெரும்பாலும் மூலைவாட்டில், காற்று மறைந்த பக்கத்து மிதவையின் மூக்கு வழியாக நிகழ்கிறது. அம்மிதவையின் முன்பகுதி நீருக்குள் செல்லத் தொடங்குவதே முதல் எச்சரிக்கை.

பொருத்துதல்

ஹோபி நிறுவனத்தின் அட்வென்ச்சர் ஐலண்ட் போன்ற படகுகளில் பாய்மரத்துக்குத் தாங்கு கயிறுகள் இல்லை. பெரும்பாயைச் சுருட்டுவதற்காகப் பாய்மரமே சுழலும். ஸ்பின்னக்கரின் ஏற்றுக்கயிறு உச்சியை முன்னோக்கி இழுப்பதால் இரண்டு ஏற்பாடுகள் தேவை. ஒன்று, பாய்மரம் சுழன்றாலும் தான் சுழலாத உச்சிப்பொருத்து. மற்றொன்று, அதிலிருந்து படகின் பின்புறத்துக்குச் செல்லும் தாங்கு கயிறு. இரண்டாவதை விட்டுவிட்டால் பாய்மரம் முன்னே வளைந்து ஸ்பின்னக்கரின் முன்விளிம்பு தளரும். வலுத்த காற்றில் முறியவும் கூடும்.

முகப்புக் கழியை நெகிழி உடலில் வெறும் திருகாணியால் இறுக்குவது பயனற்றது. பாலிஎத்திலீன் நெகிழ்ந்து கொடுக்கும். திருகாணி மெல்லக் கழன்றுவிடும். உட்புறம் தகடு வைத்து ஊடுருவும் போல்ட்டால் இறுக்க வேண்டும். கழியின் நுனியை மேலெழாதபடி கீழிருந்து ஒரு கயிறு பிடிக்க வேண்டும். பாயின் பின்முனையிலிருந்து இரு இழுகயிறுகள், எல்லாக் கயிறுகளுக்கும் வெளிப்புறமாக, மிதவைகளைத் தாங்கும் பின் குறுக்குக் கழியிலுள்ள கப்பிகள் வழியாக இருக்கைக்கு வருகின்றன. பாயின் துணி சதுர மீட்டருக்கு 40 கிராமை ஒட்டிய நைலான். கயாக்கின் எந்தக் கூர்மையான பொருத்தும் அதைக் கிழித்துவிடும் ஆதலால் எல்லா ஊசி முனைகளையும் நாடாவால் சுற்றிவிடுவது வழக்கம்.

தனியாகச் செல்பவருக்கு ஏற்றுவதைவிட இறக்குவதே கடினம். படகை நன்றாகக் காற்றின் திசைக்குத் திருப்பிப் பெரும்பாயின் மறைவில் ஸ்பின்னக்கரைச் சாய விட்டு, கீழ்விளிம்பை முதலில் கைக்குள் திரட்டி, பின் ஏற்றுக்கயிற்றை விட வேண்டும். வரிசை மாறினால் பாய் நீரில் விழுந்து வலைபோல் படகை நிறுத்திவிடும். மேலிருந்து கீழே இழுக்கும் உறை இவ்வேலையை எளிதாக்குகிறது.

பெரும்பாய் மட்டும் உள்ளபோது திடீர்க் காற்று வந்தால் படகோட்டி காற்றை நோக்கித் திருப்புவார். ஸ்பின்னக்கர் விரிந்திருக்கையில் அதற்கு நேர்மாறாக, காற்று செல்லும் திசைக்கே திருப்ப வேண்டும். கைப்பழக்கம் இங்கு எதிரியாகிறது.

சென்னைக் கடற்கரையில்

மயிலாப்பூரின் நொச்சிக்குப்பம் முதல் அடையாற்றின் தெற்கே ஊரூர் குப்பம் வரையுள்ள கரை கிழக்கு நோக்கியது. கோடையில் விடியற்காலை நிலத்திலிருந்து மெல்லிய மேல்காற்று கடலுக்கு வீசும். நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று தொடங்கும். காலையில் செல்பவருக்கும் பிற்பகலில் திரும்புபவருக்கும் காற்று பின்னால் இருக்கும். பாய்க் கட்டுமரங்களின் நாள் இந்த ஒழுங்கின்மேல்தான் அமைந்திருந்தது. கரைக்கு நேரே வருகையில் கடற்காற்று பின்பக்கவாட்டில் விழுவதால், ஒத்தமையா ஸ்பின்னக்கருக்கு இதைவிடப் பொருத்தமான கோணம் வேறில்லை.

இதே ஒழுங்கில்தான் ஆபத்தும் உள்ளது. ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் எனப்படும் மேல்காற்று வலுத்தால் கடற்காற்று பிற்பகல்வரை தாமதமாகும், சில நாள் வராமலேயும் போகும். காலையில் ஸ்பின்னக்கரை விரித்து விரைவாக வெளியே சென்றவர், அதே தொலைவை எதிர்காற்றில் பெரும்பாயாலும் துடுப்பாலும் மிதியாலும் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும். ஓடும்போது காற்று மெலிந்ததாகத் தோன்றுவதால் எவ்வளவு வலுவான காற்றில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது திரும்பிய பிறகே தெரியும். எனவே வெளியே செல்கையில் இப்பாயைத் தவிர்த்து, கரை திரும்புகையில் மட்டும் பயன்படுத்துவதே இக்கரைக்கு ஏற்றது.

திரும்புகையிலும் அலை உடையும் பகுதிக்கு வெகு முன்பே பாயை இறக்கிவிட வேண்டும். இங்கு துறைமுகத்துக்கு வெளியே மறைவான நீர்ப்பரப்பு இல்லை. அடையாற்றின் முகத்துவாரம் மணல்திட்டால் அடிக்கடி அடைபடுகிறது. உடையும் அலையில் முகப்பு குத்துவது மேலே கூறிய நான்கு மடங்கு விசைக்கு நேரடியான அழைப்பு.

விரிந்த ஸ்பின்னக்கர் முன்பார்வையை மறைக்கிறது. கரையோரத்தில் இடப்படும் வலைகளின் மிதவைகள் சிறியவை. படகின் சுக்கானோ நடுப்பலகையோ வலையைக் கிழித்தால் பொழுதுபோக்குக்கு வந்தவரின் இழப்பு ஒரு மாலைப்பொழுது. வலைக்காரரின் இழப்பு பல நாள் வருமானம். வலை இடப்பட்ட பகுதியைக் கரையிலேயே குப்பத்தாரிடம் கேட்டறிந்து செல்வது முறை.

கட்டுமரப் பாயுடன் ஒப்பீடு

சென்னைக் கட்டுமரம் தனியே பின்காற்றுப் பாய் எதையும் வைத்திருக்கவில்லை. ஒரே முக்கோணப் பாய் எல்லாக் காற்றுக்கும் பயன்பட்டது. பக்கவாட்டில் நழுவாதிருக்க மரங்களுக்கு இடையே ஒரு பலகை செருகப்பட்டது. திசைதிருப்பத் துடுப்பே உதவியது. அலை மரங்களின் மேலேறி இடைவெளிகளில் வழிந்துவிடும். நீர் நிறைந்து மூழ்க அதற்கு உட்குழி இல்லை. வேகம் குறைவு, ஆனால் அலைப்பகுதியைக் கடக்க அதைவிட ஏற்ற கலம் இக்கரையில் இருந்ததில்லை. ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டபின், அலையைக் கடந்து கரையேறும் புதிய படகுகளை வடிவமைக்கப் பல ஆண்டுகள் செலவிட்டது என்பதே அதன் கடினத்தைக் காட்டும்.

வெளிப்பொறிகளின் வரவால் பாய் மறைந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகளால் கட்டுமரங்களும் பெரிதும் அருகின. நொச்சிக்குப்பக் கரையில் இன்று வரிசையாக நிற்பவை பொறி பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளே.