நேராத விபத்துக்கும் கணக்கு உண்டு

2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் போதிய உயரம் எழும்பாமல், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போயிற்று. பயணிகள் 130 பேர், ஊழியர்கள் 6 பேர். அடிப்பகுதி சேதமான நிலையிலேயே சுமார் நான்கு மணி நேரம் பறந்து, கடைசியில் மும்பையில் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. விமானம் வேகமெடுக்கும்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிய, விசைக் கைப்பிடியில் இருந்த அவர் கையும் கூடவே பின்னால் வந்து, இயந்திரத்தின் விசை குறைந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது.

நாமாக இருந்தால், சாமி காப்பாற்றியது என்று கும்பிட்டுவிட்டு, இடிந்த சுவருக்கு ஆன செலவை எழுதிக் கணக்கை முடித்திருப்போம். விமானத் துறை அப்படி முடிப்பதில்லை. நடந்த நஷ்டம் எவ்வளவு என்பதோடு, விமானம் இன்னும் சில அடி தாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை 136 உயிர்.

இதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. பாதிப்பின் கடுமைக்கு ஏ முதல் இ வரை எழுத்து. ஏ என்றால் பேரழிவு, இ என்றால் பொருட்படுத்த வேண்டாதது. நேரும் வாய்ப்புக்கு 5 முதல் 1 வரை எண். 5 அடிக்கடி நேர்வது, 1 அநேகமாக நேரவே நேராதது. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. நடுவிலுள்ள 3, அதாவது அரிதாக நேரக்கூடியது, இ-யுடன் சேர்ந்தால் விட்டுவிடலாம். அதே 3 ஏ-யுடன் சேர்ந்தால் ஏற்கவே கூடாது.

நம் கடைகளில் எலி கடித்த மூட்டை, கசிந்த வெல்லம், எடைக் குறைவு எல்லாம் 5இ. இவற்றோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறோம். எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி, சாக்கு எல்லாம் அடைந்த கிடங்கின் மேலே பழைய ஒயர் தொங்கும். 'இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே' என்போம். அது வாய்ப்பின் கணக்கே அல்ல. ஃபியூஸ் எத்தனை முறை போயிற்று, கருகல் வாடை எப்போது வந்தது என்பதே கணக்கு. அது முதலாளியைவிடக் கடைப் பையனுக்குத்தான் தெரியும். சொன்னால் திட்டு விழும் என்றால் அவன் சொல்ல மாட்டான். விமானத் துறையில், தானாக முன்வந்து தகவல் சொல்பவரைத் தண்டிப்பதில்லை என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

வாய்ப்பின் எண்ணும் நிலையானதல்ல. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பெருமுக்கல்லுக்கு அருகே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முன் கடைக்குள் வெள்ளம் என்பதற்கு 1 போட்டவர்கள் இனி 3 போடுவதே சரி. மழையை நாம் தடுக்க முடியாது. ஆகவே கடுமையைத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை, மாவு மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகைமேல் அடுக்கலாம். இருப்புக் கணக்கின் நகலை வீட்டில் வைக்கலாம். காப்பீட்டுப் பாலிசியில் வெள்ளம் அடங்குகிறதா என்று பார்த்துவிடலாம். தொகையையும் பாருங்கள்: தீபாவளி நேரத்தில் பத்து லட்சத்துக்குச் சரக்கு இருக்க, பாலிசி ஐந்து லட்சத்துக்கே இருந்தால், இரண்டு லட்சம் நஷ்டத்துக்குப் பொதுவாக ஒரு லட்சமே கைக்கு வரும்.