செங்கல் சுவருக்கு வந்த ஆணித் துப்பாக்கி

நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் புது வீட்டு வேலைக்குப் போகிற தச்சு பாஸுக்கு முதல் தொல்லை மரம் அல்ல, மேடு. முச்சக்கர வண்டி ஒரு வளைவு வரைக்கும்தான் ஏறும். அதற்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டும். வாளும் உளியும் சீவுளியும் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கிய காலத்தில் அது பெரிய காரியமாக இருக்கவில்லை. இன்றைக்கோ வீட்டுக்காரர் கேட்கிற பீடிங்கும் சீலிங்கும் பாண்ட்ரி அலுமாரியும் கையால் மட்டும் செய்தால் கூலி கட்டாது. மெஷின் வேண்டும். மெஷின் என்றால் வாள் மேசை, ஆணித் துப்பாக்கிக்குக் காற்றுத் தரும் கம்பிரசர், அதன் ரப்பர் குழாய், நீட்டு வயர் எல்லாம் சேர்ந்து மேடேற வேண்டும். ஏறிப் போனால் வீட்டுக்கு இன்னும் மின் இணைப்பு வந்திருக்காது. பக்கத்து லயத்திலிருந்து வயர் இழுக்க அனுமதி கேட்க வேண்டும்.

மின் இணைப்பு இருந்தாலும் மின்சாரம் நிச்சயம் இல்லை என்பதை 2022 நமக்குக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்குக்குப் பஞ்சமில்லாத மலையகத்தில் பெட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை.

பெட்டரிக் கருவி புதிதல்ல. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இலேயே வயரில்லாத ட்ரில்லைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த நிக்கல்-காட்மியம் பெட்டரி கனம் அதிகம், சக்தி குறைவு. ஓட்டை போடலாமே தவிர மரத்தைக் குறுக்கே அறுக்கிற துணிச்சல் அதற்குக் கிடையாது. சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் பெட்டரி முதலில் கமராவுக்கும் கணினிக்கும் போனது. 2005 வாக்கில்தான் தச்சுக் கருவிக்குள் வந்தது. இன்று 18 வோல்ட் பெட்டரி ஒன்று பிராட் நெயிலரை, அதாவது மெல்லிய ஆணி அடிக்கும் துப்பாக்கியை, இயக்குகிறது; அதே பெட்டரி இரண்டு சேர்ந்து பலகையைக் கோணம் வைத்து அறுக்கும் மைட்டர் வாளைச் சுழற்றுகிறது. கடையில் ‘20 வோல்ட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டு வோல்ட் லாபம் என்று யாரும் மகிழ வேண்டாம். இரண்டுக்குள்ளும் இருப்பது வரிசையாக இணைத்த ஐந்து செல்கள். முழுதாக சார்ஜ் ஏறிய நிலையைக் கணக்கிட்டால் 20, வேலை செய்யும்போது 18.

பொறாமைப்பட வைக்கும் கருவிகள்தான். ஆனால் விளம்பரப் படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சுவரடிப் பலகையைச் சுவரோடு வைத்து டக், டக் என்று நெயிலரால் அடித்துக்கொண்டே போவாரே, அதை நாவலப்பிட்டியில் செய்ய முடியாது. அவருடைய சுவருக்குள் இருப்பது மரச் சட்டம், மேலே மெல்லிய ஜிப்சம் பலகை. நம்முடையது செங்கல் அல்லது சீமெந்துக் கல், மேலே கெட்டியான பூச்சு. பிராட் என்பது சுமார் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணி; தலை இருக்கிறதா என்று தேட வேண்டும். பூச்சில் பட்டால் வளைந்து திரும்பும், இல்லையென்றால் பூச்சையே பெயர்த்துக்கொண்டு வரும். மரச் சுவர் நாட்டுக்காகப் பிறந்த கருவி இது. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்து, நெயிலரைப் பெட்டியோடு மூலையில் வைத்தவர்களும் உண்டு.

அப்படியானால் இங்கே அதற்கு வேலை இல்லையா? உண்டு, மேலே. மலையக வீட்டில் தகரக் கூரையின் குளிரையும் மழைச் சத்தத்தையும் தடுக்க சீலிங் அடிப்பது ஆசைக்காக மட்டுமல்ல. சிங்களத்தில் லுனுமிதெல்ல என்கிற மலைவேம்புப் பலகைதான் அதற்கு நம் நாட்டில் நெடுநாள் வழக்கம், இலேசான மரம். அண்ணாந்து நின்று ஒரு கையால் பலகையைத் தாங்கி, வாயில் கவ்விய ஆணியை மறு கையால் எடுத்து, அதே கையால் சுத்தியலும் பிடிக்க வேண்டும் என்றால் மூன்றாவது கை வேண்டும். நெயிலர்தான் அந்தக் கை. கதவு நிலையை மூடும் பட்டிப் பலகை, ஜன்னல் கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங், அலுமாரியின் முதுகுப் பலகை, கூரை ஓரத்து வெலன்ஸ் பலகையின் அலங்காரப் பட்டி ஆகியவற்றிலும் மரத்தின் மேல் மரம்தான் உட்காருகிறது. சுவரடிப் பலகை கட்டாயம் வேண்டும் என்றால் சுவரைத் துளைத்து, பிளக் வைத்து, ஸ்க்ரூ முறுக்கி ஒரு ரீப்பர் சட்டம் பதித்துவிட்டு அதன்மேல் நெயிலரைப் பிடிக்கலாம்.

மரத்துக்கு மரம் அடியும் மாறும். மலைவேம்பில் ஆணி தேவைக்கு மேல் புதையும், ஆகவே ஆழத் திருகைக் குறைக்க வேண்டும். பழைய முதிரைப் பலகையில் பாதி வழியில் நின்றுவிடும் அல்லது வளைந்து பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கும். பலகையைப் பிடித்திருக்கும் விரல் ஆணியின் நீளத்தைவிடத் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். இன்னொன்று: பிராட் ஆணி பாரம் தாங்காது. பசை காயும்வரை பலகையை அசையாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. பசையில்லாமல் பிராட் மட்டும் அடித்துக் கொடுக்கிற வேலையை நான் வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மைட்டர் வாளின் கதை வேறு. 45 பாகை என்று வைத்தால் 45 பாகை அறுக்கும். அந்த விசுவாசம்தான் இங்கே சிக்கல், ஏனென்றால் நம் சுவர்களின் மூலைகள் 90 பாகையில் இருப்பதில்லை. ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த பின் மேலே பெருகிய துரைமார் பங்களாக்களிலும் சரி, நேற்றுப் பூசிய வீட்டிலும் சரி, மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். மூலை 92 பாகை என்றால் ஒவ்வொரு பலகையின் நுனிக் கோணமும் 46; வாளின் அளவுகோல் நேர் வெட்டிலிருந்து எண்ணுவதால் அதில் 44. சாய்மட்டத்தால் மூலையை அளந்து, பாதியாக்கி, முதலில் கழிவுத் துண்டில் அறுத்து வைத்துப் பார்க்கிறவர்தான் தேறுகிறார். உள்மூலையில் மைட்டர் வெட்டே வேண்டாம் என்பது அனுபவசாலிகளின் கட்சி. ஒரு பலகையை நேராகச் சுவரில் முட்டவிட்டு, மற்றதன் நுனியை முதல் பலகையின் நெளிவுக்கு ஏற்ப மெல்லிய வாளால் கடைந்து பொருத்தினால், சுவர் கோணலானாலும் இடைவெளி தெரியாது. அதற்குப் பெட்டரி வேண்டாம், பொறுமை போதும்.

மூலையைவிடப் பெரிய எதிரி மழை. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. நாவலப்பிட்டியும் தென்மேற்குப் பருவக்காற்றின் நேர் பாதையில் இருக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் பருக்கும், நீளத்தில் அநேகமாக மாறாது. 45 பாகையில் வெட்டிய நுனியில் அகலம் மட்டும் மாறினால் கோணமும் மாறிவிடும். சுருங்கினால் மூட்டின் உட்பக்கம் வாய் திறக்கும், பருத்தால் வெளிப்பக்கம். மே மாதத்துக்குப் பிறகு பொருத்திய பீடிங் அடுத்த பெப்ரவரி வெயிலில் உள்ளே பிளந்து நிற்பதைப் பார்த்து வீட்டுக்காரர் பாஸைத் திட்டுவார். பாஸ் மெஷினைத் திட்டுவார். பலகையை வாங்கி வந்த அன்றே அறுத்ததுதான் பிழை. அது போய்ச் சேரப்போகும் அறையிலேயே சில நாள், முடிந்தால் ஒன்றிரண்டு வாரம், காற்றுப் புகும்படி அடுக்கி வைத்திருக்க வேண்டும்.

மரம் அசையும் என்பதை இந்த மலைகளின் தச்சர்கள் அறுநூறு ஆண்டுக்கு முன்பே கணக்கில் எடுத்திருக்கிறார்கள். கம்பளையைத் தாண்டி எம்பக்கே தேவாலயத்துக்குப் போய், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தது எனப்படும் மேள மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் ஒரு முனையில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரே பெரிய மரக் கொண்டை பிடித்து வைத்திருக்கிறது. மடொல் குருபாவ என்பார்கள். தேவேந்திர மூலாச்சாரி என்ற தச்சரின் கை என்பது வழிவழி வந்த பேச்சு. தூண்களில் இருக்கும் அன்னத்தையும் மல்லரையும் பார்க்க வருகிற கூட்டம் இந்தக் கொண்டையை அநேகமாகக் கவனிக்காமலே திரும்புகிறது. தச்சு வேலைக்காரர் என்றால் இங்கேதான் நிற்க வேண்டும். கண்டிக் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெரிய நூலில் மரவேலையைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறார். இந்த மரபு கண் முன்னே தேய்ந்து போகிறதே என்ற ஆற்றாமை அவருக்கு. அவர் பழியைப் போட்டது மெஷின் யுகத்தின் மேல். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மேடேறி ஏறி முதுகு ஒடிகிற பாஸிடம் போய்க் கைவேலையின் மேன்மையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இனி, எதை முதலில் வாங்குவது? கடைக்காரர் மைட்டர் வாளைக் காட்டுவார், விலை அதில்தான். என் கட்சி நெயிலர். வாள் ஓரிடத்தில் நின்று வேலை செய்வது. வயர் உள்ள மலிவான வாளைக் கடையிலோ மின்சாரம் உள்ள ஒரு வீட்டிலோ வைத்து, அளவெடுத்த பலகைகளை அறுத்துக்கொண்டு மேலே போகலாம். நெயிலர்தான் அறைக்கு அறை, ஏணிக்கு ஏணி அலைகிறது. கம்பிரசரையும் குழாயையும் கீழேயே விட்டுப் போகச் செய்வதும் அதுதான். வாள் வாங்குகிற நாள் வரும்போது, கூட வருகிற 24 பல் தகட்டைக் கழற்றிவிட்டு 60 பல்லாவது உள்ளதை மாட்டுங்கள். மெல்லிய தகடு என்றால் பெட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். முகமூடியைக் கேலி செய்யாதீர்கள்: மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வைத்திருக்கிறது.

கொழும்பு பழைய சோனகத் தெருவரை போகாமலே இந்தக் கருவிகள் பலருக்குக் கிடைக்கின்றன, கட்டாரிலும் துபாயிலும் இருந்து வருகிற பிள்ளைகளின் பெட்டியில். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தனி பெட்டரியை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 18 வோல்ட், 5 அம்பியர்-மணி பெட்டரி என்றால் 90 வாட்-மணி. விமான நிறுவனங்கள் தனி அனுமதி இல்லாமல் ஏற்கும் 100 வாட்-மணிக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய பெட்டரிக்கு முன்கூட்டியே கேட்க வேண்டும். வளைகுடா சார்ஜர் நம்முடைய 230 வோல்ட்டில் ஓடும், ஆனால் ஜப்பானில் பாவித்து இங்கே விற்பனைக்கு வருகிறவற்றில் சிலது 100 வோல்ட் சார்ஜரோடு வரும். அதைச் சுவரில் செருகுமுன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள்.